மாற்று கீப்பர்

கால்பந்தில் பதினோரு பேர் ஆடுவார்கள். அதில் பத்துப் பேருக்கு மூச்சு வாங்கினால், கால் பிடித்துக்கொண்டால், கோச்சுக்குக் கோபம் வந்தால் மாற்று ஆள் உள்ளே போவாள். கோல்கீப்பரை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. முதல் கீப்பர் நன்றாக இருக்கும்வரை இரண்டாவது, மூன்றாவது கீப்பர்களுக்கு வேலையே கிடையாது. கிழக்கு கான்சஸில் இருந்த எங்கள் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் அந்த இரண்டாவதும் மூன்றாவதும் நாங்கள்தான். கொரின் டுஃபெக்கும், டாரா வென்ட்லிங் ஆகிய நானும்.

முதல் கீப்பர் ஸ்லோன். எங்களோடு சேர்ந்தவள்தான். வந்த முதல் வாரத்திலேயே இடத்தைப் பிடித்துவிட்டாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நானும் கொரினும் மாறி மாறி அவள் மீது பந்து உதைத்து அவள் கையைச் சூடாக்குவோம். விசில் ஊதியதும் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்காருவோம். இரண்டு பருவங்கள் இப்படியே போயின. இரண்டு வருஷமும் ஒரே அறையில் தங்கினோம். எங்களில் யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கொரின் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மாநிலத்தின் மேற்குக் கோடியில் நானூறு பேர் வசிக்கும் ஊர். அங்கே பள்ளியில் பெண்களுக்கு அணி கிடையாது என்பதால் பையன்களோடு ஆடி வளர்ந்தவள். அப்பா சோளம் விதைக்கிறவர். அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவளுக்கு முழு உதவித்தொகை இருந்தது. நான் கான்சஸ் சிட்டியின் புறநகர்க்காரி. என் கட்டணத்தை என் பெற்றோர் கட்டினார்கள். ஒன்பது வயதிலிருந்து எனக்குத் தனிப் பயிற்சி, கோடை முகாம், வெளியூர்ப் போட்டி என்று அப்பா அலைந்திருக்கிறார். நான் ஒரு நிமிடம்கூட ஆடாத ஆட்டங்களுக்கும் வந்து, சீருடையில் நிற்கும் என்னைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். கொரின் என்னைவிட நல்ல கீப்பர். அணியில் எல்லோருக்கும் அது தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

இரண்டாவது பருவம் முடிந்த மறுவாரம் கோச் ஹால்பர்ன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். நண்பகல் நேரம். குரலை உயர்த்தாத பெண்மணி அவர். தோற்ற நாளிலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். மேஜையில் எப்போதும் ஒரு கிண்ணம் நிறையப் புதினா மிட்டாய் இருக்கும்.

"உக்காரு டாரா. மிட்டாய் எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்.

"அடுத்த வருஷத்துலேருந்து இருபத்தெட்டு பேருக்கு மேல டீம்ல வச்சுக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் கோச்."

"அப்ப கீப்பர் ரெண்டு பேர்தான். அதுல ஸ்லோன் ஒண்ணு."

வாயிலிருந்த மிட்டாயைக் கடிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. "கொரினா, நானான்னு பாக்கறீங்களா?"

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கொரினுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு. சரியா ஆடலைன்னு சொல்லி அவள நானா வெளியேத்த முடியாது. அவளாப் போனா அது வேற. உன்ன வெளியேத்தறதுக்கு எனக்கு ஒரு ஈமெயில் போதும்." நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். "அந்த ஸ்காலர்ஷிப் கிடைச்சா எனக்கு கோல் போடற ஒரு நல்ல ஃபார்வர்டு வருவா. நீ எனக்குச் செலவில்லாத கீப்பர். புரியுதா?"

"புரியுது கோச்."

"போர்ட்டல் முப்பது நாள்தான் திறந்திருக்கும். கொரின் இங்க உக்காந்து வீணாப் போறா. வேற எங்க போனாலும் எல்லா மேட்சும் ஆடுவா. நான் சொன்னா தொரத்தற மாதிரி இருக்கும். ஒரு நல்ல ஃப்ரெண்டு எடுத்துச் சொல்லலாம்."

போர்ட்டல் என்பது ஒரு பட்டியல். வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் ஆட்டக்காரர்கள் அதில் பெயரைப் பதிவார்கள். மற்ற கல்லூரிகளின் கோச்சுகள் அதைப் பார்த்து வேண்டியவர்களை அழைப்பார்கள். பெயரைப் பதிந்துவிட்டால் பழைய கல்லூரி கை கழுவிவிடலாம். உதவித்தொகை அந்தப் பருவத்தோடு முடிந்துவிடும்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சில்லி என்னும் காரமான இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். கொரினுக்குப் பிடித்தது. ரோலைப் பிய்த்துச் சில்லியில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன்டி, இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே கோட்டப் போட்டுட்டு உக்காரப் போறியா?"

"வேற என்ன பண்றது?"

"போர்ட்டல்ல போடு."

தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள்.

"நீ வருவியா?"

"என்னை யாருடி எடுப்பா? நீ வேற. உனக்கு உயரம் இருக்கு, கை இருக்கு. ஸ்லோனுக்குப் பந்து வந்தாத்தான் தெரியும். உனக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியுது. ப்ராக்டிஸ்ல நான் பாக்கறேன்ல."

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமா."

"ஸ்லோனைவிட நல்லா ஆடறேனா?"

"ஆமா."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் வாயில் சுலபமாக வந்தது.

கொரின் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தைத் துடைத்துத் தின்றாள். "யோசிக்கறேன்" என்றாள். நான் விடவில்லை. நான்கு நாள் விடாமல் பேசினேன். அவளுடைய பயிற்சிக் காட்சிகளைத் தேடியெடுத்து, வெட்டி ஒட்டி, நான்கு நிமிடப் படம் ஒன்று செய்தேன். அதற்காக இரண்டு வகுப்புகளைத் தவறவிட்டேன். படம் நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்தபோது கொரினின் கழுத்து சிவந்துவிட்டது. "இது நானா?" என்றாள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள், என் மடிக்கணினியில், அவளே பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் காலை உடைமாற்றும் அறையில் அவளுடைய அலமாரியின் மேலிருந்த பெயர்ப்பலகை இல்லை. இரண்டு திருகுகளின் துளைகள் மட்டும் இருந்தன. உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு அவள் அட்டைக்குத் திறக்கவில்லை. உள்ளே போகும் யாராவது கதவைப் பிடித்தால் போகலாம். யாரும் பிடிக்கவில்லை. நானும் அன்று வேறு வாசல் வழியாகப் போனேன்.

அதன் பிறகு காத்திருப்பு. கொரின் கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில், திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். முதல் வாரம் ஒரு அழைப்பும் இல்லை. இரண்டாம் வாரம் ஒன்று வந்தது. எழுந்து வெளியே ஓடிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். காருக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லி ஏதோ இயந்திரம் பேசியதாம். அணிப் பெண்களுக்கு இது விளையாட்டாகிவிட்டது.

"என்ன கொரின், பார்சலோனாலேருந்து கூப்டாங்களா?"

"இல்லடி, அவ நம்பர மாத்திக் குடுத்துட்டா. அவங்க அங்க அழுதுட்டிருக்காங்க."

ஸ்லோன்தான் அதிகம் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொரின்கூடச் சிரித்தாள், வாயில் உணவு வைத்துக்கொண்டே.

எந்தக் கல்லூரிக்கும் கீப்பர் தேவைப்படவில்லை. அவள் இரண்டு வருஷத்தில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை என்பது பட்டியலில் முதல் வரியாகவே இருந்தது. ஆடாதவளை யாரும் அழைக்கவில்லை. அவள் பெயரைப் பதிவதற்கு முன்னாலேயே இதை நான் யோசித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இருபத்தாறாம் நாள் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஆர்ச்சுலெட்டா என்ற கோச் பேசினார். எல்லையோரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. அவர்களுடைய கீப்பர் படிப்பை விட்டுவிட்டாளாம். "நீ வந்தா எல்லா மேட்சும் நீதான்மா" என்றார். கொரின் ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அழைப்பு முடிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய முகவாய் என் உச்சந்தலையில் அழுந்தியது.  நெடுநேரம் விடவில்லை.

ஜனவரியில் அவள் அம்மா டிரக்கோடு வந்து சாமான்களை ஏற்றினார். "இவளுக்குத் தன்னைப் பத்தி எதுவும் தெரியாது. நீதான் எடுத்துச் சொல்லியிருக்க. நல்லாயிரும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மே மாதம் ஸ்லோன் போய்விட்டாள். கரோலினாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவளுக்குப் பணத்தோடு இடம் தந்தது. போர்ட்டல் இரண்டாம் முறை திறந்த அன்றே பெயரைப் பதிந்துவிட்டுத்தான் எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்தேன். எதிரே கொரினின் கட்டிலில் உறையில்லாத மெத்தை கிடந்தது. நான்கு மாதம் பொறுத்திருந்தால் அவள்தான் முதல் கீப்பர்.

அன்று மாலையே கொரின் கூப்பிட்டாள்.

"கேள்விப்பட்டேன். இப்ப நீதான் ஃபர்ஸ்ட்டு. கலக்குடி."

அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் பருவம் தொடங்கியது. கோச் ஹால்பர்ன் என்னை நம்பவில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். ஹேட்லி என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைப் புதிதாகச் சேர்த்திருந்தார். இருந்தாலும் முதல் நான்கு ஆட்டங்கள் நான்தான் ஆடினேன். ஒன்றில் வென்றோம், மூன்றில் தோற்றோம். நான்காவது ஆட்டத்தில் என் சுண்டுவிரல் மூட்டு விலகியது. ஐந்தாவது ஆட்டத்தில் ஹேட்லி நின்றாள். கோல் விழவில்லை. ஒன்பது நாளில் விரல் சரியாகிவிட்டது.

"அவசரம் இல்ல டாரா. நல்லா ஆறட்டும்" என்றார் கோச்.

"ஆறிடுச்சு கோச்."

"ஆறட்டும்" என்றார் மறுபடியும்.

நான் திரும்பவும் கோட்டை மாட்டிக்கொண்டேன். இப்போது பக்கத்தில் பேச ஆளில்லை.

கொரின் ஒவ்வொரு ஞாயிறு மதியமும் கூப்பிடுவாள். அவளுடைய அணி மோசமான அணி. தடுப்பாட்டக்காரர்கள் பாதி ஆட்டத்திலேயே நடக்கத் தொடங்கிவிடுவார்களாம். ஐந்து கோல், ஆறு கோல் என்று வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளை நான் அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு பந்தையும் விவரிப்பாள்.

"பதினாறு பந்து புடிச்சேன்டி. பதினாறு."

"மேட்ச் எத்தனைக்கு எத்தனை?"

"ஏழு பூஜ்யம்."

"ஏழு கோல் வாங்கிட்டு இவ்ளோ சந்தோஷமா?"

"தொண்ணூறு நிமிஷம் டாரா. தொண்ணூறும் நான்."

போனை வைத்த பிறகு எனக்கு அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு அவள் குரல் மந்தமாக இருந்தது. முந்தைய ஆட்டத்தில் தாழ்வாக வந்த பந்தின் மீது பாய்ந்தபோது எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் காதுக்கு மேலே இடித்திருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் கோல் கம்பத்தில் வேறு மோதியிருந்தாளாம்.

"வெளிச்சம் கண்ணக் கூசுது. நேத்து கடைக்குப் போனேன். எதுக்கு வந்தேன்னே மறந்துட்டேன். வண்டியத் தள்ளிட்டு அப்படியே நிக்கறேன்."

"வாந்தி?"

"ஒரு தடவ."

"அடிபட்டாப் பாக்கற ட்ரெய்னர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா ரெண்டு வாரம் உக்கார வச்சுடுவாங்க. இங்க மார்சேலான்னு ஒரு சின்னப் பொண்ணு மாத்து கீப்பரா இருக்கா. நல்லாத்தான் ஆடறா." சற்று நிறுத்தினாள். "நீ என்ன சொல்ற?"

அன்று நான் ஐந்தாவது ஆட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். சுண்டுவிரலை மடக்கி நீட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். அது எந்த வலியும் இல்லாமல் மடங்கியது.

"சொல்லாதே" என்றேன். "ஒரு மேட்ச் விட்டா முடிஞ்சுது. என்னைப் பாரு. ஒரு விரல்டி, ஒரே ஒரு விரல். இருட்டுல படுத்துக்கோ, மாத்திரை போட்டுக்கோ. இடத்த விட்டுக் குடுத்துடாதே."

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள். "நீ சொன்னா சரியா இருக்கும்."

அக்கறையில் சொன்னேனா, பொறாமையில் சொன்னேனா என்று பின்னால் பல தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் எனக்கே நடந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறெதுவும் மனதில் இருந்ததாக நினைவில்லை. ஆனால் அவள் சரி என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன காரணம் என்று இன்றுவரை நான் கிளறிப் பார்க்கவில்லை.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை அவளுடைய ஆட்டத்தை மடிக்கணினியில் பார்த்தேன். ஒரே ஒரு கேமரா. காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. மாணவன் ஒருவன் வர்ணனை செய்துகொண்டிருந்தான். மைதானத்துக்கு அப்பால் செம்மண் வெளி. ஆடுபவர்களைவிடப் பார்ப்பவர்கள் கொஞ்சம்தான் அதிகம் இருப்பார்கள்.

முப்பத்து நான்காவது நிமிடம் மூலையிலிருந்து பந்து வந்தது. கொரின் முன்னே வந்து குதித்தாள். அவளோடு இரண்டு பேர் குதித்தார்கள். மூவரும் விழுந்தார்கள், இருவர் எழுந்தார்கள். கொரின் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, புல்லைப் பார்த்தபடி இருந்தாள். நடுவர் குனிந்து ஏதோ கேட்டார். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எழுந்தாள். பெஞ்சிலிருந்து ஒரு பெண் மருந்துப் பையோடு பாதி தூரம் ஓடி வந்தாள். கொரின் அவளையும் கையாட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஏற்கெனவே விழுந்த இரண்டோடு, அடுத்த பதினோரு நிமிடத்தில் இன்னும் மூன்று கோல். மூன்றாவது அவள் பக்கத்திலேயே உருண்டு போனது. பந்தை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற வேண்டும். எல்லோரும் களத்துக்கு வந்தார்கள். கொரின் கையுறையை இறுக்கிக்கொண்டு, முதல் பாதியில் நின்ற அதே கோலுக்கே நடந்து போனாள். அங்கே எதிரணியின் கீப்பர் ஏற்கெனவே நின்றிருந்தாள். கொரின் அவளைப் பார்த்து நின்றாள். தன் இடத்தில் யாரோ நிற்பதைப் போல, விலகிக்கொள் என்பதாக மெல்லக் கையை அசைத்தாள். கூட்டம் சிரித்தது. அந்தக் கீப்பரும் சிரித்துக்கொண்டே மறுபக்கத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"டுஃபெக்குக்கு அந்த கோல்தான் ராசி போல" என்றான் வர்ணனை செய்தவன். "அங்க அவங்களுக்கு அஞ்சு விழுந்திருக்கு, ஆனாலும் விட மனசில்ல."

கொரின் திரும்பி நடந்தாள். முழு மைதானமும் நடக்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டியதும் நின்று பக்கவாட்டில் வாந்தியெடுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். வர்ணனை நின்றுவிட்டது. காற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மார்சேலா கோட்டைக் கழற்றுவதைப் பார்த்தேன். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். ஞாயிறு அழைப்புகள் நின்றன. நான் அனுப்பிய செய்திகளுக்கு அவள் அம்மாதான் பதில் எழுதினார். அவளால் திரையைப் பார்க்க முடியாதாம். படிக்க முடியாதாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அழுதுவிடுகிறாளாம்.

டிசம்பர் முதல் வாரம் நான் காரில் போனேன். ஐந்து மணி நேரம். வீட்டு வாசலில் மஞ்சள் பேருந்து நின்றிருந்தது. ஜன்னல்களில் உள்பக்கமாகக் கம்பளி அடித்திருந்தார்கள்.

"பத்து நிமிஷம்மா" என்றார் அவள் அம்மா. "அதுக்கு மேல பேசினா ரெண்டு நாள் படுத்துடுவா." அப்புறம் தணிந்த குரலில், "ரெண்டு டீம்லேருந்தும் வீட்டுக்கு நீ ஒருத்திதான் வந்திருக்க" என்றார்.

அறையில் சுவரோரமாக ஒரு சின்ன விளக்கு, அதன் மேல் துணி. கொரின் சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோர்வையாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே கோர்வை வரவில்லை.

"கோச் என்னைக் கூப்ட்டு சொன்னாங்க. நீ போனாத்தான் எனக்கு இடம்னு. அதனாலதான் போர்ட்டல் போர்ட்டல்னு உன்னை அரிச்சேன். உன்மேல அக்கறையில இல்ல."

அவள் அசையவில்லை. கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

"தெரியும்" என்றாள். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பேசினாள். "உனக்கு முன்னாடி என்னைக் கூப்ட்டாங்க. வெள்ளிக்கிழம. நீ இருந்தா டாரா போகணும்னாங்க. யோசிச்சுச் சொல்லுன்னு மிட்டாய் குடுத்தாங்க."

நான் நிமிர்ந்து அவள் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"நீ வந்து கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். எனக்காகப் போடின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே போயிருப்பேன். நீ கேக்கல. என்னைப் புகழ்ந்த."

"கொரின்."

"அதுதான் தப்பாப் போச்சு. உனக்காகத்தான் போறேன்னு இருந்தேன். நீ சொல்லச் சொல்ல, அந்தப் படத்த வேற காட்டின. நெஜமாவே நான் நல்ல கீப்பர்னு நெனச்சுட்டேன்." கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுக் கண்ணை அழுத்திக்கொண்டாள். "இல்லன்னா அன்னிக்கு ட்ரெய்னர்கிட்ட சொல்லியிருப்பேன். யாரோ ஆடட்டும்னு உக்காந்திருப்பேன்."

"நீ நல்ல கீப்பர்தான்."

"மறுபடியும் ஆரம்பிக்காத."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.  சுவருக்கு அப்பால் அவள் அம்மா பாத்திரங்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அடுக்குவது கேட்டது.

கொரின் நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். "காலைல ஏதோ வந்துச்சு. அம்மா படிச்சுட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. அவங்க மொகமே சரியில்ல. நீ படி."

ஆர்ச்சுலெட்டா அனுப்பிய செய்தி. முதலில் கண்ணால் ஓட்டிவிட்டு, "எல்லாரும் உன்ன விசாரிச்சாங்களாம். சீக்கிரம் குணமாகணுமாம்" என்றேன்.

"அப்படியே படி. உன் வார்த்த வேண்டாம்."

படித்தேன். அன்புள்ள கொரின், உன் உடல்நலமே எங்களுக்கு முதன்மையானது. மருத்துவர்களின் கருத்தைக் கேட்ட பின், அடுத்த பருவத்துக்கு உன் இடத்தை வைத்திருக்க இயலாது என்று முடிவு செய்துள்ளோம். போர்ட்டல் வழியாக அனுபவமுள்ள கீப்பர் ஒருவர் ஜனவரியில் சேர்கிறார். உன் பொருள்களைப் பெட்டியில் அனுப்பி வைக்கிறோம். நீ என்றும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி.

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.

"மார்சேலா பத்தி எழுதியிருக்காரா?"

"இல்ல."

"என்னைப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தா. அடுத்த வருஷம் தான்தான் கீப்பர்னு சொல்லிட்டிருந்தா."  அம்மா கதவைத் தட்டினார். பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

வாசலில் அவள் அம்மா என்னை அணைத்துக்கொண்டு, வழியில் சாப்பிட ரொட்டித் துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "அடிக்கடி வாம்மா" என்றார். கொரின் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. நான் அதற்குப் பிறகு போகவில்லை.

கொரின் கல்லூரிக்குத் திரும்பவில்லை. இப்போது ஊர்த் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடும் இடத்தில் அரை நாள் வேலை செய்கிறாளாம். இரண்டு பக்கம்வரை தொடர்ந்து படிக்க முடிகிறதாம். ஒரு தேர்வுக்கு உட்கார அது போதாது.

நான் அந்த அணியிலேயே இருந்தேன். கடைசி வருஷம் முழுவதும் ஹேட்லிக்குப் பந்து உதைத்துக் கையைச் சூடாக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசி ஆட்டம் உள்ளூரில், இறுதியாண்டுப் பெண்களுக்கு மரியாதை செய்யும் நாள். மூன்று கோல் முன்னிலையில் இருந்தபோது கோச் ஹால்பர்ன் என் தோளைத் தொட்டு, "போ டாரா, உனக்கு நாலு நிமிஷம்" என்றார். ஹேட்லி என்னைத் தழுவிவிட்டு வெளியே போனாள். அந்த நான்கு நிமிடமும் ஆட்டம் எதிர்ப்பக்கத்திலேயே நடந்தது. பந்து ஒரு தடவைகூட என்னிடம் வரவில்லை. அப்பா தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று விடாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார்.